நண்டு டிப்: ஒரு விருந்துக் கிண்ணத்தின் வரலாறு



பால்டிமோரில் இருக்கும் என் அண்ணன் மகள் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "அத்தை, பக்கத்து வீட்டு விருந்துக்கு ஆளுக்கொரு பண்டம் செய்துகொண்டு போகணும். எனக்கு நண்டு டிப் என்று ஒதுக்கிவிட்டார்கள். செய்முறை கிடைத்துவிட்டது. ஆனால் நண்டைப் போய் சீஸில் போட்டு அவனில் வைக்கிறார்களே, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?"

போனிலேயே பத்து நிமிடம் பேசினேன். பிறகு யோசித்தபோது, இது அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்று பட்டது. ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில் என்னிடம் படித்த உங்களில் பலருக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு. கடைசிவரை பொறுமையாகப் படியுங்கள். நீளம்தான், வகுப்பில் ஒரு பீரியட் அளவு வரும்.

முதலில் பண்டம் என்னவென்று தெரியாதவர்களுக்கு. வேகவைத்து ஓடு நீக்கிய நண்டுச் சதையை கிரீம் சீஸ், கொஞ்சம் மயோனைஸ், எலுமிச்சைச் சாறு, மசாலாத்தூள் சேர்த்துக் கலந்து, மேலே துருவிய செடார் சீஸ் தூவி, அவனில் பொங்கப் பொங்கச் சுட்டு எடுப்பார்கள். நடுவில் அந்தக் கிண்ணத்தை வைத்துவிட்டு, சுற்றி நின்று வறுத்த ரொட்டித் துண்டாலோ உப்பு பிஸ்கட்டாலோ தொட்டுச் சாப்பிடுவார்கள். நாம் சட்டினியில் தொட்டுக்கொள்வது மாதிரி, ஆனால் இங்கே தொட்டுக்கொள்வதுதான் முக்கியப் பண்டம், ரொட்டி துணைக்கு வருவது.

வளைகுடாவும் நண்டும்

இந்தப் பண்டத்தின் சொந்த ஊர் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் வளைகுடா. மேரிலாந்து, வர்ஜீனியா என்ற இரண்டு மாநிலங்களுக்குள் ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்வாங்கிக் கிடக்கிறது. ஆறுகளின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் கழிமுகம் அது. சராசரி ஆழம் ஆறரை மீட்டர்தான். நம் பாக் நீரிணையைப் போலவே ஆழம் குறைந்த நீர், தரையில் கடற்புல். நண்டுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

அங்கே வாழும் நீல நண்டுக்கு 1896-ல் மேரி ராத்பன் என்ற பெண் விலங்கியலாளர் வைத்த பெயர் 'காலினெக்டெஸ் சாபிடஸ்'. முதல் சொல் கிரேக்கம், அழகிய நீச்சல்காரி என்று பொருள். இரண்டாவது லத்தீன், சுவையானது என்று பொருள். அறிவியல் பெயர் வைப்பவர்களுக்கும் நாக்கு உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது!

ஆண் பெண் அடையாளம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நண்டைத் திருப்பி வயிற்று மடிப்பைப் பார்த்தால் போதும். மேரிலாந்துப் பிள்ளைகளும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆணின் மடிப்பு ஒல்லியாக, வாஷிங்டன் நகரத்து நினைவுத்தூண் மாதிரி இருக்கும் என்றும், வளர்ந்த பெண்ணின் மடிப்பு அகலமாக, அங்குள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் கும்மட்டம் மாதிரி இருக்கும் என்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.

சிப்பி போய் நண்டு வந்தது

19-ஆம் நூற்றாண்டில் அந்த வளைகுடாவின் செல்வம் நண்டு இல்லை, ஆளி என்று நாம் சொல்லும் ஆய்ஸ்டர் சிப்பி. கிறிஸ்ஃபீல்ட் என்ற மேரிலாந்து ஊருக்கு 1860-களில் ரயில் பாதை வந்தது. அந்தப் பாதையைக் கொண்டுவந்தவரின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். உடைத்துக் குவித்த சிப்பி ஓடுகளின் மேலேயே ஊரின் ஒரு பகுதி எழும்பியது. 1880-களில் சிப்பி அறுவடை உச்சத்துக்குப் போனது. வாரியவர்கள் வாரிக்கொண்டே இருந்ததில் படுகைகள் காலியாகி, அடுத்தடுத்த ஆண்டுகளில் சரிந்தது. அந்த இடத்துக்கு நண்டு வந்தது.

நண்டில் ஒரு சிக்கல் உண்டு. செத்த நண்டு சீக்கிரம் கெட்டுப்போகும், உயிர் நண்டைத் தூரத்துக்கு அனுப்புவது கஷ்டம். அதனால் கரையிலேயே வேகவைத்து, சதையை எடுத்து, டப்பாவில் அடைத்து, பனிக்கட்டிக்குள் வைத்து ரயிலில் ஏற்றினார்கள். 'நண்டு எடுப்பது' என்ற தொழில் இப்படித்தான் ஊன்றியது. வர்ஜீனியாக்காரர் பெஞ்சமின் லூயிஸ் 1928-ல் கம்பிவலைக் கூண்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கி, பத்து ஆண்டுகளில் அதைச் செம்மைப்படுத்தினார். உள்ளே போன நண்டு வெளியே வர முடியாத அந்தக் கூண்டு பரவியபின் பிடிப்பு பெருகியது. பிடிப்பு பெருகினால் சதை எடுக்கக் கைகளும் வேண்டும்.

அந்தக் கைகள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களுடையவை.

கிறிஸ்ஃபீல்ட், 1938

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

நண்டு எடுக்கும் பெண்களுக்கு நாள் கூலி கிடையாது, எடுத்த சதையின் அளவுக்குத்தான் காசு. 1938-ல் கிறிஸ்ஃபீல்ட் முதலாளிகள், கேலனுக்கு 35 சென்டாக இருந்த கூலியை 25 சென்டாகக் குறைத்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம், சேமிப்பு என்று ஒன்றும் இல்லாத குடும்பங்கள். ஆனாலும் அவர்கள் பணியவில்லை. கடைசியில் பழைய கூலி திரும்பக் கிடைத்தது.

மேரிலாந்துப் பணக்கார வீடுகளில் அந்நாளில் 'கிராப் இம்பீரியல்' என்றொரு பண்டம் உண்டு. கெட்டியான வெள்ளைச் சாற்றில் நண்டுச் சதையைப் பிரட்டி, ஓட்டிலேயே நிரப்பிச் சுடுவது. இன்றைய நண்டு டிப்புக்கு அதைப் பாட்டி முறை என்று சொல்லலாம். அப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் அடுப்படியில் நின்றவர்களும் கறுப்பினப் பெண்களே. சமையல் புத்தகங்களில் வீட்டு எஜமானியின் பெயர் இருக்கும், சமைத்தவளின் பெயர் இருக்காது. வரலாறு படிக்கும்போது யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதைப் போலவே யார் பெயர் இல்லை என்றும் பார்க்க வேண்டும். இதை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன், நினைவிருக்கும்.

மஞ்சள் டப்பாவின் கதை

நண்டு டிப்பில் போடும் மசாலாவின் பெயர் 'ஓல்டு பே'. மேரிலாந்தில் அந்த மஞ்சள் டப்பா இல்லாத சமையலறையைப் பார்ப்பது அபூர்வம், நம் வீட்டுச் சாம்பார் பொடி மாதிரி.

அதை உருவாக்கியவர் குஸ்டாவ் பிரன் என்ற ஜெர்மானிய யூதர், அங்கேயே மசாலா வியாபாரம் செய்தவர். 1938 நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் நாஜிகள் அடித்து நொறுக்கியபின், அவரைப் பிடித்து புக்கன்வால்ட் வதைமுகாமில் அடைத்தார்கள். எப்படியோ விடுதலையாகி, 1939-ல் குடும்பத்தோடு பால்டிமோர் வந்து சேர்ந்தார். கையோடு ஒரு சிறிய மசாலா அரைக்கும் இயந்திரத்தையும் கொண்டுவந்திருந்தார்.

மொத்த மீன் சந்தைக்கு எதிரே ஒரு கடை பிடித்தார். நண்டு வேகவைத்து விற்பவர்கள் மிளகு, கடுகு, மிளகாய் என்று தனித்தனியாக வாங்கிப்போவதைக் கவனித்தார். எல்லாவற்றையும் சேர்த்து நாமே ஒரு பொடி செய்தால் என்ன என்று தோன்றியது. பதினெட்டு வகைப் பொருட்கள் சேர்ந்த அந்தப் பொடிக்கு, பால்டிமோருக்கும் நார்ஃபோக்கிற்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பெயரை வைத்தார். அந்தக் கப்பல்கள் 1962-ல் நின்றுவிட்டன. பெயர் மட்டும் டப்பாவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே 1938-ல்தான் கிறிஸ்ஃபீல்டில் பெண்கள் கூலிக்காக நின்றார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஒரே கிண்ணத்தில் வந்து சேர்ந்த இரண்டு கதைகள்.

மற்ற பொருட்களுக்கும் பிறந்த ஊர் உண்டு. கிரீம் சீஸ் 1870-களில் நியூயார்க் மாநிலத்து செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் செய்தது. 1880-ல் 'பிலடெல்பியா' என்று பெயரிட்டு விற்றார்கள். நல்ல பால் பொருளுக்கு அந்த நகரம் பேர்போனது என்பதால் வைத்த பெயர், செய்தது நியூயார்க்கில். தொட்டுத் தின்னும் 'ரிட்ஸ்' பிஸ்கட் 1934-ல் வந்தது. ஒரு தேக்கரண்டி ஊற்றும் வூஸ்டர் சாஸ் இங்கிலாந்தில் 1837-ல் விற்பனைக்கு வந்தது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? நம் புளியும், நெத்திலி வகை மீனும்! புளியும் கருவாடும் சேர்ந்தால் ருசி என்று நம் ஆத்தாக்கள் சொன்னதை அவர்கள் பாட்டிலில் அடைத்தார்கள்.

இது ஏன் விருந்துப் பண்டமானது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் குடும்பங்கள் நகரத்தைவிட்டு புறநகர்த் தனி வீடுகளுக்குப் போயின. வீட்டுக்கு வீடு குளிர்பதனப் பெட்டி, வெப்பத்தை எண் வைத்துத் திருகும் அவன், பிறகு தொலைக்காட்சி. சமையலுக்கு வேலையாள் இல்லாத நடுத்தர வீட்டுப் பெண், இருபது பேரை அழைத்தால் என்ன செய்வாள்? மேசை போட்டு வரிசையாகப் பரிமாற முடியாது. காலையிலேயே கலந்து குளிரில் வைத்துவிட்டு, விருந்தினர் வரும்போது அவனுக்குள் தள்ளிவிடக்கூடிய பண்டம் வேண்டும். தட்டு, கரண்டி இல்லாமல் நின்றபடியே சாப்பிடவும் வேண்டும்.

1954 வாக்கில் கலிபோர்னியாவில் பாக்கெட் வெங்காய சூப் தூளைப் புளித்த கிரீமில் கலக்கும் டிப் பரவி நாடு முழுக்கப் பிரபலமானது. கையில் நண்டு வைத்திருந்த மேரிலாந்துக்காரர்கள் தங்கள் டிப்பில் நண்டைப் போட்டார்கள். 1952-ல் வளைகுடாவுக்குக் குறுக்கே பெரிய பாலம் திறந்தது. கீழைக் கரையும் கடற்கரை ஊர்களும் நகரத்தாருக்குப் பக்கமாயின.

இன்னொரு காரணம் கணக்கு. கரும்பலகையில் போடுவது போலப் போடுகிறேன். உயிர் நண்டின் எடையில் எடுக்கக் கிடைக்கும் சதை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஒரு டப்பா சதைக்கு சுமார் 20 நண்டு வேண்டும். அந்தச் சதையிலும் தரம் உண்டு. துடுப்புக்காலை அசைக்கும் பெரிய தசை முழுசாக வந்தால் அதற்குத்தான் உச்ச விலை. உதிரிச் சதை அடுத்தது. கொடுக்குச் சதை பழுப்பாக, ருசியாக இருக்கும், ஆனால் விலை குறைவு. வடை மாதிரித் தட்டும் நண்டு கேக்குக்கு முழுத் தசை வேண்டும், ஒரு டப்பாவில் நாலைந்து பேருக்குத்தான் வரும். டிப்புக்கு உதிரியும் கொடுக்கும் போதும், பன்னிரண்டு பேர் சுற்றி நின்று சாப்பிடலாம். குறைந்ததை நிறைவாகக் காட்டுவது எல்லா நாட்டு அம்மாக்களுக்கும் தெரிந்த வித்தை.

நம் கரைக்கு வந்த கதை

இப்போது நம் ஊர்.

செசபீக் நண்டு ஒரு வருடம் குவியும், ஒரு வருடம் ஏமாற்றும். சதை எடுத்த பெண்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள், போகத்தானே வேண்டும். மேரிலாந்து ஆலைகள் மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் பெண்களை வரவழைக்கத் தொடங்கின. 2018-ல் குலுக்கலில் விசா கிடைக்காமல் சில ஆலைகள் திறக்க முடியாமலே நின்றன.

இதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில், மேரிலாந்தின் பெரிய நண்டு வியாபாரக் குடும்பமான பிலிப்ஸ் குடும்பத்தார் பிலிப்பைன்ஸ் போய், அங்குள்ள நீலக்கால் நண்டில் சதை எடுத்து டப்பாவில் அடைத்து அனுப்பத் தொடங்கினார்கள். நீலக்கால் நண்டும் செசபீக் நண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் கடைசிக் கால் துடுப்பு. மெல்லிய சூட்டில் பதப்படுத்திய டப்பா, குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆகவே கடல் தாண்டி வர முடிந்தது. பிறகு இந்தோனேசியா, வியட்நாம், இலங்கை, நம் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்று தொழில் பரவியது.

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? முன்பெல்லாம் வலையில் சிக்கிய நண்டை அறுத்தெடுப்பதே தொல்லை என்று அலுத்துக்கொள்வார்கள். ஏற்றுமதி வந்தபின் நண்டுக்கென்றே வலை வைத்தார்கள். 'நண்டு கம்பெனி' என்ற சொல் ஊரில் புழங்கியது. உங்கள் அம்மாக்கள் விடியலில் போய், வெந்து ஆறிய நண்டின் ஓட்டைப் பிரித்து, பூவை நீக்கி, தசை உடையாமல் எடுத்து, தரம் பிரித்துத் தட்டில் அடுக்குவார்கள். கூலி கிலோக் கணக்கு. கிறிஸ்ஃபீல்டில் கேலன், இங்கே கிலோ.

மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வரும் அம்மாக்கள் சிலர் விரலில் துணி சுற்றியிருப்பார்கள். ஓடு கிழித்த காயம். பேனாவைப் பிடிக்கவே சிரமப்படுவார்கள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டால், "அதெல்லாம் பழகிருச்சு டீச்சர், பிள்ளை படிச்சாப் போதும்" என்பார்கள். அந்தப் பிள்ளைகளில் நர்ஸ் இருக்கிறார்கள், என்ஜினியர் இருக்கிறார்கள், என்னைப் போல டீச்சரும் இருக்கிறார்கள். இந்தப் பதிவை இப்போது அவர்களே படிக்கிறார்கள்.

அமெரிக்காவில் 'ஓசியானா' என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மேரிலாந்து நண்டு என்று உணவகங்களில் விற்ற 90 கேக்குகளை மரபணுச் சோதனை செய்ததில், 38 விழுக்காட்டில் இருந்தது அந்த ஊர் நண்டே இல்லை. வெளிநாட்டு நண்டை வெளிநாட்டு நண்டு என்று சொல்லி விற்பதில் தவறில்லை. வேறு பெயரில் விற்றால் ஏமாறுவது வாங்குபவர் மட்டுமில்லை. இரண்டு கரையிலும் உழைத்தவர்களின் பெயர் சேர்ந்து அழிகிறது.

இன்னொரு கவலை கடலின் கவலை. செசபீக்கில் 1990 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் சேற்றில் புதைந்திருக்கும் நண்டுகளைக் கணக்கெடுக்கிறார்கள். எண்ணிக்கை சரிந்ததால் 2008-ல் பெண் நண்டு பிடிப்பதைக் கடுமையாகக் குறைத்தார்கள், கொஞ்ச வருடம் தேறியது. ஆனால் 2022 கணக்கில் 22 கோடியே 70 லட்சம்தான், கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து மிகக் குறைவு. எண்ணிப் பார்க்கும் நாட்டிலேயே இந்த நிலை. சினை நண்டையும் குஞ்சு நண்டையும் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்று நம் தொழிலாளிகளுக்கும் தெரியும். அன்றைய அரிசிக்கு வழி இருந்தால்தான் விட முடியும். சிப்பிக்கு நடந்தது நண்டுக்கும் நடக்க வேண்டாம்.

செய்முறை

கேட்பீர்கள் என்று தெரியும். என் அண்ணன் மகள் செய்யும் அளவு இது.

நண்டுச் சதை 450 கிராம், கிரீம் சீஸ் 225 கிராம், மயோனைஸ் கால் கப், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, வூஸ்டர் சாஸ் ஒரு தேக்கரண்டி, ஓல்டு பே இரண்டு தேக்கரண்டி, கடுகுத்தூள் அரைத் தேக்கரண்டி, துருவிய செடார் ஒரு கப்.

கிரீம் சீஸை முன்பே வெளியே எடுத்து வைத்து இளக விடுங்கள். இல்லையென்றால் கட்டி கட்டியாக நிற்கும். சதையைத் தட்டில் பரப்பி விரலால் தடவிப் பார்த்து ஓட்டுத் துணுக்கு இருந்தால் எடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பாதி செடாரோடு நன்றாகக் கலந்தபின், கடைசியில் நண்டைச் சேர்த்து மெதுவாகப் பிரட்டுங்கள். ஒருத்தி விரல் நோக உடையாமல் எடுத்த தசை, நாம் கரண்டியால் கூழாக்கக் கூடாது. மீதி சீஸைத் தூவி 175 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். ஓரம் பொங்கி, மேலே பொன்னிறம் வந்தால் எடுத்துவிடலாம். சூடாகவே பரிமாறுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். நண்டு ஒவ்வாமை உள்ளவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஊரில் இருப்பவர்கள் ஓல்டு பே தேடி அலைய வேண்டாம். மிளகுத்தூள், மிளகாய்த்தூள், சிட்டிகை கிராம்பு, ஏலம், பிரிஞ்சி இலைப் பொடி, உப்பு போட்டாலே பக்கத்தில் வந்துவிடும். அவன் இல்லாதவர்கள் கனமான சட்டியில் மூடி போட்டுச் சிறுதீயில் வைக்கலாம். மேலே பொன்னிறம் வராது, ருசி வரும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். கடையில் நண்டு டப்பா வாங்கினால் திருப்பி, எந்த நாட்டுச் சரக்கு என்று போட்டிருப்பதைப் படியுங்கள். இந்தியா என்று இருந்தால் உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டி, இதை எடுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லுங்கள்.

நண்டு கம்பெனியில் வேலை பார்த்த அம்மா, பெரியம்மா, அக்கா யாரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் காலத்துக் கூலி எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனார்கள், என்ன பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். பெயரோடு எழுதுங்கள். கிறிஸ்ஃபீல்டில் கத்தியைக் கீழே வைத்த பெண்களில் பெரும்பாலானோர் பெயர் நமக்குத் தெரியாது. நம் பெண்களின் பெயராவது நம்மிடம் இருக்கட்டும்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்